இடதுபக்க மூடிக்குள் இருக்கும் சில்லறைச் சாமான்கள்

ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அந்த இரண்டு மாதமும் ராமேஸ்வரம் தீவில் இருக்கும் எங்கள் தங்கச்சிமடத்தில் படகுக்குப் பெயின்ட் அடிப்பார்கள், வலைக் கிழிசலைப் பொத்துவார்கள், அப்படியே வீட்டில் இருமிக்கொண்டு கிடக்கிற ஸ்கூட்டரையும் என் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு வருவார்கள். வருகிறவர்களில் பாதிப் பேர் வாசலிலேயே நோயையும் சொல்லி மருந்தையும் சொல்லிவிடுவார்கள்.

"அண்ணே, பிக்கப்பே இல்ல. பெல்ட்டு போயிருச்சு. புதுசு ஒண்ணு போட்டு விட்ருங்க."

பெல்ட் போயிருப்பது உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் அது போவதற்குக் காரணம் பெரும்பாலும் பக்கத்தில் இருக்கிற ஏதோ ஒரு சுண்டைக்காய்ச் சாமான். ஒரு நுரைத்துண்டு, ஒரு ரப்பர் வளையம், ஒரு வாஷர். அது எது என்று பார்க்காமல் புதுப் பெல்ட்டை மாட்டினால், அடுத்த தடைக்காலம் வருவதற்குள் அதே ஆள் அதே வாசலில் நிற்பார். 1994-ல் ராமநாதபுரத்தில் ஒரு பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்து கைனடிக் ஹோண்டாவில் இந்த வேலையைப் பழகினேன். வண்டிகள் மாறிவிட்டன. மூடிக்குள் நடக்கிற கதை அதேதான்.

அந்தக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்கூட்டரின் இடதுபக்கம் நீளமாக ஒரு மூடி இருக்கும். அதற்குள் முன்னால் ஒரு புல்லி, பின்னால் ஒரு புல்லி, நடுவில் பெல்ட். இரண்டு புல்லியுமே இரண்டிரண்டு தட்டுகளால் ஆனவை. தட்டுகள் நெருங்கினால் பெல்ட் வெளிவட்டத்துக்கு ஏறும், விலகினால் உள்ளே இறங்கும். ஆக்சிலேட்டரை முறுக்கியதும் முன்புல்லிக்குள் இருக்கும் ரோலர்கள் சுழற்சி வேகத்தில் வெளிப்பக்கம் ஓடித் தட்டை நெருக்கும். முன்னால் பெல்ட் ஏறும், பின்னால் இறங்கும். கியர் மாற்றாமலே கியர் மாறுவது இப்படித்தான். பின்புல்லியோடு சேர்ந்தே கிளட்ச் ஷூக்கள் சுற்றும். வேகம் கூடும்போது அவை விரிந்து, சுற்றிக் கிண்ணம் மாதிரி இருக்கும் கிளட்ச் பெல்லைப் பிடிக்கும், சக்கரம் நகரும்.

இதில் கிளட்ச்சும் பெல்ட்டும் வழுக்காமல் பிடிக்க வேண்டுமென்றால் எல்லாம் காய்ந்து, சுத்தமாக இருக்க வேண்டும். எங்கள் தீவில் கிடைக்காதது அது இரண்டும்தான்.

முதலில் நுரையைச் சொல்கிறேன், ஏனென்றால் யாரும் அதைச் சொல்வதில்லை. முன்புல்லியின் வெளித்தட்டில் காற்றாடி மாதிரி இறக்கைகள் இருக்கும். அவை வெளிக்காற்றை உறிஞ்சி பெல்ட்டைக் குளிர வைக்கின்றன. அந்தக் காற்று வருகிற வழியில் பல வண்டிகளில் ஒரு நுரைத்துண்டு இருக்கும். சிலவற்றில் மூடியின் வெளிப்பக்கம் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தகட்டுக்கு உள்ளே, சிலவற்றில் குழாயின் வாயில். நுரையே இல்லாமல் குழாய் மட்டும் சீட்டுக்கு அடியில் உயரத்தில் போய் வாய் திறக்கிற வண்டியும் உண்டு. உங்கள் வண்டியில் எது என்பதை ஒருமுறை தேடிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆடி, ஆவணியில் கச்சான் காற்று அடிக்கும்போது தனுஷ்கோடி ரோட்டில் போயிருக்கிறீர்களா? 2017-ல் அரிச்சல்முனை வரைக்கும் ரோடு போட்ட பிறகு சுற்றுலாக்காரர்களோடு சேர்ந்து உள்ளூர் வண்டிகளும் அங்கே நாள் முழுக்க ஓடுகின்றன. மணல் ரோட்டின் குறுக்கே பாம்பு மாதிரி நெளிந்து ஓடும். அந்த உயரத்தில்தான் ஸ்கூட்டரின் மூடியும் இருக்கிறது. நுரை இருந்தால் மணல் அதிலேயே நிற்கும். நுரை இல்லாவிட்டால் உள்ளே போய் பெல்ட்டுக்கும் தட்டுக்கும் நடுவில் சிக்கி அரைக்கும். எமரி பேப்பருக்கு நாங்கள் உப்புத்தாள் என்று சொல்வோம். இங்கே மணலும் உப்புமாகச் சேர்ந்து அந்தப் பேரை நிஜமாக்கிவிடும். தட்டின் முகத்தில் நகத்தை வைத்து நடுவிலிருந்து விளிம்புக்கு இழுத்துப் பாருங்கள். நகம் தட்டுத் தட்டாக ஏறி இறங்கினால் அந்தத் தட்டு, போடுகிற ஒவ்வொரு பெல்ட்டையும் தின்னும்.

அரிச்சல்முனைப் பக்கம் சங்கு, பாசிமாலை வியாபாரம் பார்க்கிற ஒரு தம்பி, நுரை மக்கிப்போய்விட்டது என்று நண்டு வலையை நாலாக மடித்து அந்த இடத்தில் வைத்திருந்தான். "காத்தும் வருது, கல்லும் வராதுல்ல?" என்றான். கல் வராதுதான். மணல் வந்து, உள்ளே கால் டம்ளர் அளவுக்கு இருந்தது. இன்னொருவர் அதற்கு நேர்மாறு. மணலே போகக் கூடாது என்று அந்த வாயைப் பிளாஸ்டிக் பையால் அடைத்து டேப் சுற்றியிருந்தார். காற்று இல்லாமல் பெல்ட் வெந்து, விளிம்பெல்லாம் பளபளவென்று கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. வீட்டில் பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சை வெட்டி வைப்பதும் வேண்டாம். காற்று எவ்வளவு போக வேண்டும் என்பது அந்த நுரையின் துளை அளவில் இருக்கிறது.

நுரையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து, சோப்புத் தண்ணீரில் அமுக்கி அமுக்கிக் கழுவுங்கள். துணி பிழிவது போல முறுக்கினால் கிழிந்துவிடும். நிழலில் முழுக்கக் காயவைத்த பிறகு மாட்டுங்கள். ஈரத்தோடு மாட்டினால் அந்தத் தண்ணீரை நீங்களே உள்ளே அனுப்புகிறீர்கள். விரலில் பிசுபிசுவென்று பொடியாக ஒட்டினால் அதன் ஆயுள் முடிந்தது, மாற்றிவிடுங்கள். கம்பெனிக் கையேட்டில் இதற்கு ஒரு கிலோமீட்டர் கணக்குப் போட்டிருப்பார்கள். அது எல்லா ஊருக்கும் பொதுவாகப் போட்ட கணக்கு. காற்று வீசுகிற மாதங்களில் நான் கிலோமீட்டரைப் பார்ப்பதில்லை, காலண்டரைத்தான் பார்க்கிறேன்.

இனி மூடியைத் திறக்கலாம். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், வண்டி சென்டர் ஸ்டாண்டில் நிற்க வேண்டும். பெரும்பாலும் 8 மி.மீ. போல்ட்டுகள்தான். எல்லாம் ஒரே நீளம் கிடையாது. ஒரு அட்டைப்பெட்டி மூடியில் ஸ்கூட்டர் மூடியின் வடிவத்தை வரைந்து, கழற்றுகிற போல்ட்டை அது இருந்த இடத்திலேயே குத்தி வையுங்கள். நீளமான போல்ட்டைக் குட்டைக் குழியில் முறுக்கினால் அலுமினியம் பிளக்கும்.

போல்ட் வர மறுத்தால் கோபத்தில் முறுக்காதீர்கள். மீன் பெட்டி ஏற்றுகிற வண்டிகளில் இது பெரிய தொல்லை. ஐஸ் உருகின தண்ணீர், அதில் கடல் தண்ணீரும் மீன் ரத்தமும் கலந்து, கால் வைக்கிற பலகையிலிருந்து சொட்டுச் சொட்டாக இந்த மூடி மேல் விழும். இரும்பு போல்ட்டும் அலுமினிய உடம்பும் உப்புத் தண்ணீரில் சேர்ந்தால் வெள்ளைப் பொடி பூத்து இரண்டும் ஒட்டிக்கொள்ளும். துரு இளக்குகிற எண்ணெய் விட்டு, போல்ட் தலையில் சின்னச் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டி, ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். திரும்ப மாட்டும்போது மரையில் கிரீஸை லேசாகத் தொட்டுப் போட்டால் அடுத்த தடவை இந்தக் கஷ்டம் இருக்காது. மீன் பெட்டிக்கு அடியில் விளிம்பு வைத்த ஒரு பிளாஸ்டிக் தட்டு வைத்துக்கொண்டால் அதைவிட நல்லது.

மூடிக்கும் உடம்புக்கும் நடுவில் பேக்கிங் இருக்கும். மூடி சரியாக உட்காருவதற்கு இரண்டு டவல் பின் இருக்கும், சின்னக் குழாய்த்துண்டு மாதிரி. மூடியைப் பிரிக்கும்போது அவை எந்தப் பக்கம் ஒட்டியிருக்கின்றன என்று பாருங்கள். கீழே விழுந்து மணலுக்குள் போய்விட்டால் தேடியே தீர வேண்டும். அது இல்லாமல் மூடி ஒரு முடி அளவு விலகி உட்கார்ந்தாலே பேக்கிங் ஓரத்தில் வழி விடும். கிழிந்த பேக்கிங்குக்குப் பதில் சிலர் பசையைப் பிதுக்கி அடைப்பார்கள். உள்ளே பிதுங்கின பசை காய்ந்து உதிர்ந்து பெல்ட்டில் சிக்கியதை நான் எடுத்திருக்கிறேன். புதுப் பேக்கிங்கே போடுங்கள்.

உள்ளே கறுப்புத் தூசி இருப்பது இயல்பு, பெல்ட்டும் ஷூவும் தேய்ந்த தூள் அது. காற்றடித்து முகத்தில் வாரிக்கொள்ளாமல், மூக்கில் துணி கட்டிக்கொண்டு பிரஷ்ஷால் தள்ளித் துடையுங்கள். தூசி காய்ந்த பொடியாக இருந்தால் கவலை இல்லை. கறுப்புக் களியாக, விரலில் எண்ணெய்ப் பிசுக்கோடு வந்தால் ஏதோ ஒரு ஆயில் சீல் விட்டுவிட்டது. முன்பக்கம் களி இருந்தால் கிராங்க், அதாவது எஞ்சின் சுழல்தண்டின் சீல், பின்பக்கம் இருந்தால் கியர் ஆயில் சீல். அந்த ரப்பர் உதடு இறுகிப்போனால் எண்ணெய் கசிந்து ஷூவிலும் பெல்ட்டிலும் தெறிக்கும். எண்ணெய் குடித்த பெல்ட்டைக் கழுவிப் போடலாமா என்று கேட்பார்கள். போட முடியாது. சீலை மாற்றிவிட்டு, பெல்ட்டையும் மாற்றத்தான் வேண்டும்.

முன்புல்லி நட்டைக் கழற்றும்போது இறக்கைகளுக்கு நடுவில் ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்து நிறுத்துகிற பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். ஒரு இறக்கை உடைந்தால் தட்டே தள்ளாடும், குளிர்ச்சியும் குறையும். அதைப் பிடிப்பதற்கென்றே ஒரு பிடிக்கருவி கடையில் கிடைக்கிறது.

ரோலர்கள் இருக்கும் முன்புல்லியின் உள்தட்டுத்தான் வேரியேட்டர். அதை வெளியே எடுத்ததும் ரோலர்களைப் பாருங்கள். நம் ஊரில் ஓடுகிற 110 சி.சி. வண்டிகளில் பெரும்பாலும் ஆறு இருக்கும். உருண்டையாக இருக்க வேண்டியது ஒருபக்கம் சப்பையாகத் தேய்ந்திருந்தால், அது ஓடாமல் அந்தச் சப்பையிலேயே உட்கார்ந்துகொள்ளும். வேகம் ஒரு கட்டத்துக்கு மேல் ஏறாது, அல்லது வெட்டி வெட்டி ஏறும். ஒன்று சப்பையானாலும் ஆறையும் மாற்றுங்கள். எடையைக் கூட்டிக் குறைத்துப் போட்டால் பிக்கப் பறக்கும் என்று இளசுகள் கேட்டு வருவார்கள். எடை குறைந்தால் எஞ்சின் கத்தும், பெட்ரோல் கூடுதலாகப் போகும். கம்பெனி எடைதான் வீட்டு வண்டிக்குச் சரி.

ரோலரைப் பார்க்கிறவர்கள்கூட அதற்குப் பின்னால் இருக்கும் தகட்டின் மூன்று ஸ்லைடர்களைப் பார்ப்பதில்லை. நகத்தளவு பிளாஸ்டிக் துண்டுகள் அவை. வேரியேட்டரின் அலுமினிய விலாவில் அந்தத் தகடு உரசாமல் வழுக்கி நகர்வதற்காக வைத்தது. தேய்ந்தால் வண்டி நின்ற இடத்திலேயே 'டடடட' என்று அம்மிக்குழவி ஆடுகிற மாதிரி சத்தம் வரும். சத்தத்தோடு ஓட்டினால் தகடு விலாவை அரித்து, வேரியேட்டர் முழுவதையும் மாற்ற வேண்டி வரும். மூன்று ஸ்லைடரின் விலை இரண்டு பேர் டீயும் வடையும் சாப்பிடுகிற காசுதான்.

ரோலருக்குக் கிரீஸ் போடலாமா என்பது அடுத்த கேள்வி. நீங்கள் திறக்கும்போது காய்ந்து இருந்ததா, கிரீஸோடு சீல் வைத்து மூடியிருந்ததா? எப்படி இருந்ததோ அப்படியே மூடுங்கள். காய்ந்து ஓடுகிற ரோலருக்குப் பாசத்தில் கிரீஸ் வைத்தால் அது தூசியைக் கூட்டி வைத்துக்கொண்டு, சூட்டில் உருகி, பெல்ட்டுக்கும் போகும்.

இப்போது என் சொந்தத் தப்பு ஒன்று. தனியாகப் பட்டறை போட்ட புதிது, 2003. மண்டபத்தில் வேலை பார்த்த ஒரு டீச்சர், தினமும் தங்கச்சிமடத்திலிருந்து பாம்பன் பாலம் ஏறிப் போய் வருவார். பெல்ட் மாற்றிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் காலை, மார்கழி வாடைக்காற்றில், பாலத்தின் நடுவில் வண்டி நின்றுவிட்டது. எஞ்சின் ஓடுகிறது, சக்கரம் ஓடவில்லை. 1988-ல் திறந்த அந்தச் சாலைப் பாலம் இரண்டேகால் கிலோமீட்டருக்கு மேல். சேலை பறக்க அந்தக் காற்றில் அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்ததை என் கடைப் பையன் வந்து சொன்னான். திறந்து பார்த்தால் முன்புல்லித் தட்டின் பல்லெல்லாம் மழுங்கி, கிராங்க்கின் பல்லையும் தின்றிருந்தது. எஞ்சினைப் பிளந்து கிராங்க் மாற்ற வேண்டியதாயிற்று. மூன்று மாத வருமானம் போனது. டீச்சர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் அதிகமாகச் சுட்டது.

நடந்தது இதுதான். முன்புல்லியில் வேரியேட்டரை மாட்டி, அதன் நடுவில் புஷ் என்கிற குழாய்த்துண்டைச் செருகி, பெல்ட்டைப் போட்டு, வெளித்தட்டை வைத்து, வாஷர் போட்டு நட்டை இறுக்க வேண்டும். வெளித்தட்டு அந்தப் புஷ்ஷின் முனையில் போய் முட்ட வேண்டும். பெல்ட் விறைப்பாக மேலே நின்றால், தட்டு புஷ்ஷைத் தொடாமல் பெல்ட்டின் மேல் நின்றுவிடும். நட்டு இறுகியது போலவே இருக்கும். வண்டி கொஞ்சம் ஓடியதும் பெல்ட் தன் இடத்துக்குப் போய்விடும், நட்டு லூசாகிவிடும், தட்டு பல்லில் ஆடி ஆடி எல்லாவற்றையும் தின்றுவிடும். அன்றைக்கு வாஷரையும் நான் தப்பாக வைத்திருந்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது. கழற்றும்போதே வாஷரின் எந்த முகம் வெளியே இருந்தது என்று பேனாவால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள்.

ஆகவே முறை இது. முதலில் பின்புல்லியின் இரண்டு தட்டுகளைக் கையால் விலக்கி, பெல்ட்டை அதற்குள் ஆழமாக அமுக்குங்கள். முன்னால் பெல்ட் தொளதொளவென்று தொங்கும். அந்தத் தளர்வு போவதற்குள் வெளித்தட்டை வைத்து, பல்லில் முழுக்க இறங்கியதைக் கண்ணால் பார்த்து, வாஷர், நட்டு. வேரியேட்டரை ஏற்றும்போது பின்தகட்டை விரலால் சேர்த்தே பிடித்திருங்கள். விட்டால் ஒரு ரோலர் பள்ளத்திலிருந்து புரண்டு குறுக்கே விழுந்துவிடும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. பெல்ட்டில் அம்புக்குறி இருந்தால் அது சுற்றுகிற திசையைப் பார்க்க வேண்டும், எழுத்து இருந்தால் மாட்டிய பின் நேராக வாசிக்க முடிய வேண்டும். பெல்ட்டைத் தொடும்போது கையில் கிரீஸ் கூடாது. நட்டை ஏர் கன்னால் 'டர்ர்' என்று விட்டுவிட்டு எழுந்துவிடாதீர்கள். கையேட்டில் உங்கள் வண்டிக்குச் சொன்ன அளவுக்கு இறுக்கத்தை அளந்து காட்டுகிற டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். பிறகு பின்புல்லியைக் கையால் சுற்றினால் பெல்ட் அதில் மெல்ல மேலே எழும்பி வரும்.

பின்புல்லியைப் பொறுத்தவரை வீட்டில் செய்கிறவர்கள் ஒரு எல்லையில் நில்லுங்கள். கிளட்ச் பெல்லைக் கழற்றிப் பார்க்கலாம், துடைக்கலாம். அதற்கும் அப்பால் கிளட்ச்சையும் புல்லியையும் பிரிக்கிற பெரிய நட்டைத் தொடாதீர்கள். உள்ளே கனமான ஸ்பிரிங் அமுங்கிக் கிடக்கிறது. அமுக்கிப் பிடிக்கிற கருவி இல்லாமல் நட்டை எடுத்தால் மூஞ்சியில் வந்து அடிக்கும்.

ஆனால் பிரிக்காமலே ஒரு நோயைப் பார்க்கலாம். புல்லித் தட்டின் முகத்தில் நடுவிலிருந்து வெளியே சூரியக் கதிர் மாதிரி கறுப்புக் கோடுகள் தெரிகின்றனவா? அது உள்ளே இருக்கும் கிரீஸ் தெறித்த தடம். பின்தட்டு ஏறி இறங்குவதற்குச் சாய்வான காடிகளும் அவற்றில் பின்களும் உண்டு, அங்கேதான் கிரீஸ். அதை உள்ளேயே நிறுத்துவது ஓ-ரிங் என்கிற இரண்டு ரப்பர் வளையமும் சீலும். ஓ-ரிங் இறுகி வெடித்தால் கிரீஸ் பெல்ட்டுக்கு வரும், பெல்ட் வழுக்கும். இன்னொரு பக்கம், கிரீஸ் போன காடி காய்ந்து, தட்டு திரும்பி வரத் தயங்கும். வேகத்தில் போய் பிரேக் பிடித்துத் திரும்ப முறுக்கினால் வண்டி ஒரு நொடி யோசிக்கும், பாருங்கள், அது இதுதான். பட்டறையில் கொடுக்கும்போது "ஓ-ரிங் புதுசு போடுங்க, கம்பெனி சொன்ன கிரீஸையே வைங்க" என்று வாய்விட்டுக் கேளுங்கள். படகு வின்ச்சுக்குப் போடுகிற கிரீஸை அள்ளி அப்புகிற ஆட்கள் இருக்கிறார்கள். அளவு மிஞ்சினாலும் அது வெளியேதான் வரும்.

கிளட்ச் ஷூக்களுக்கு நடுவில் சின்ன ஸ்பிரிங்குகளும் ரப்பர் துண்டுகளும் இருக்கும். எங்கள் ஊர் ஈரத்தில் ஸ்பிரிங் துருப்பிடித்துத் தளர்ந்தால், ஐடிலிங்கிலேயே ஷூ போய் பெல்லைத் தொடும். சிக்னலில் பிரேக்கை விட்டால் வண்டி தானாக நகரும். அப்படி உரசி உரசிச் சூடேறின பெல் மயில்கழுத்து நீலத்துக்கு மாறியிருக்கும். ரப்பர் போனால் கிளம்பும்போது கொடகொடப்பு. ஸ்பிரிங்கையும் ரப்பரையும் செட்டாகவே மாற்றுங்கள், ஒன்று மட்டும் புதிதாக இருந்தால் மூன்று ஷூவும் ஒரே நேரத்தில் பிடிக்காது. ஷூ முகம் பளபளத்திருந்தால் உப்புத்தாளால் லேசாகக் கீறிவிட்டு, தூளைத் துடைத்துவிட்டு மாட்டுங்கள். மழைநாள் காலையில் முதல் கிளப்பலில் மட்டும் 'கீச்' என்று கத்துவதற்குப் பயப்பட வேண்டாம், பெல்லில் இரவு ஏறின துரு அது, நாலு வீடு தாண்டுவதற்குள் போய்விடும்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. கடலுக்குள் சக்கரத்தை இறக்கிக் கழுவுகிற பையன்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. மற்றவர்கள், உப்புத் தெறித்த அன்றைக்கு ராத்திரியே ஒரு வாளி நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிவிடுங்கள். பிரஷர் பம்பை மூடியின் ஓரத்திலும் காற்று வாயிலும் காட்டாதீர்கள். மல்லிகை நாற்று ஏற்றுகிற வண்டிகளும் நம் ஊரில் அதிகம், ஈர மண் கட்டி கட்டியாக அந்த வாயில் அப்பிக்கொள்ளும், அதையும் தட்டிவிடுங்கள். மழை வெள்ளத்தில் மூடி முழுகிவிட்டால், வடிகால் அடைப்பான் இருக்கிற வண்டியில் அதைத் திறந்து விட்டு, அடுத்த நாளே மூடியைக் கழற்றிக் காயப்போடுங்கள்.

எல்லாம் மாட்டி முடித்த பிறகு தரையைப் பாருங்கள். ஒரு வாஷரோ கிளிப்போ மிச்சம் கிடந்தால் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பாதீர்கள், திரும்பத் திறங்கள். மிச்சம் இல்லையென்றால் சென்டர் ஸ்டாண்டிலேயே கிளப்பி ஐடிலிங்கில் விடுங்கள். பின்சக்கரம் சோம்பலாகச் சுற்றலாம், பிரேக்கைத் தொட்டதும் நின்றுவிட வேண்டும். பிறகு மெதுவாகப் பாம்பன் வரைக்கும் போய்த் திரும்புங்கள். வந்ததும் மூடிக்குப் பக்கத்தில் குனிந்து மோந்து பாருங்கள். வெதுவெதுப்பாக, புது ரப்பர் வாசனை லேசாக இருந்தால் சரி. தீய்ந்த வாடை வந்தால் கை கழுவ வேண்டாம், 8 மி.மீ. ஸ்பேனர் இன்னும் பக்கத்திலேயே கிடக்கும்.